பருப்பு வேகும் உயரம்

கோவை மத்திய சிறையில்
ஆயிரத்து எண்ணூறு பேருக்குச் சாம்பார் வைத்தவன் நான்.
ஊட்டியில்
பதினான்கு பேருக்கு வைத்த முதல் பருப்பு
கல்லாய்க் கிடந்தது.

"அண்ணா, இது மலை" என்றாள் ஜெசிந்தா.
இருபத்தாறு வயது, எனக்கு வாத்தியார்.
"இங்க தண்ணி அவசரக்காரத் தண்ணி.
தொண்ணூத்தி மூணு டிகிரியிலயே குதிச்சிடும்.
அதப் பாத்து ஏமாறாதீங்க.
கொதிக்கிறது வேற, வேகுறது வேற."

கரண்டி கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.
என் வழக்குக்கட்டில்
முந்நூறு பக்கத்துக்கு எழுதியிருந்ததும்
அதைத்தான்.

மார்க்கெட்டுக்குப் பின்னால்
பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு எங்கள் சமையல்கூடம்.
அடுப்பு எரியாத காலையில்
சுவர் இன்னும் மண்வாசனை விடும்.
ஆறு மாதப் பயிற்சி, மதியச் சோறு, பஸ் காசு.
வெள்ளைத் தொப்பி போட்டதும்
யார் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது
என்றுதான் நினைத்தோம்.

"காய் நறுக்கும்போது விரல் நுனிய மடக்கிக்கணும்."
தவமலர் இடக்கையைத் தூக்கிக் காட்டினாள்.
"எனக்கு ரெண்ட ஃபேக்டரியிலயே மடக்கிட்டாங்க டீச்சர்."
தேயிலை உருட்டும் இயந்திரம்.
அவள்தான் முதலில் சிரித்தாள்,
பிறகே எங்களுக்குத் துணிச்சல் வந்தது.
கேத்தி கேரட்டை அவள் நறுக்கினால்
தீக்குச்சிப் பெட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

எனக்குக் குக்கர்தான் எதிரி.
விசில் அடித்தால் உள்ளே எண்ணிக்கை எடுப்பார்கள்.
வரிசை. குத்துக்கால். தலை குனி.
இங்கே முதல் விசிலுக்கே முழங்கால் தானாக மடங்கும்.
இரண்டாவதை நான் கேட்டதே இல்லை.

ஆகவே விசில் எண்ணும் வேலை
அஸ்கருக்குப் போனது.
அவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.
மேடையில் உள்ளங்கையைப் பதித்து,
குண்டு எழும்பும் நொடியைக் கண்ணால் பிடித்து
சுவரில் சாக்பீஸால் கோடு இழுப்பான்.
ஏழாவது கோட்டில் என் தோளைத் தட்டுவான்.
அடுப்பை அணைப்பேன்.
பருப்பு விரலுக்கு நசுங்கும்.

குன்னூரிலிருந்து ஒரு ஹோட்டல் மேனேஜர் வந்தார்.
நான் சுட்ட வர்க்கியை
அடுக்கடுக்காய்ப் பிரித்துச் சாப்பிட்டார்.
"நல்லாருக்கு. இந்த ஏழு வருஷம் எங்க வேலை?"
"சமையல் சார்."
"எங்க?"
சொன்னேன்.
சட்டையில் விழுந்த தூளைத் தட்டி எழுந்தார்.
"சொல்லி அனுப்புறோம்."
இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

கடைசி நாள் ஆளுக்கொரு கத்தி தந்தார்கள்.
கைப்பிடியில் பெயர் பொறித்து.
இதற்கு முன் என் கையிலிருந்த கத்திக்கு
சான்றுப்பொருள் மூன்று என்று பெயர்.
இதற்குத் துரைக்கண்ணு.

எல்லோரும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள்.
நான் துணியில் சுருட்டி,
அதன் மேல் ஏப்ரன் சுற்றி,
அதற்கும் மேல் செய்தித்தாள் சுற்றி
லவ்டேல் ரோட்டில் நடந்தே போனேன்.
அங்கே ஒரு தங்கும் விடுதியில்
மூன்று மாதம் பார்க்கிறார்களாம்,
சம்பளம் அப்புறம் பேசலாமாம்.

வளைவில் போலீஸ் வண்டி.
என்னைத் தெரிந்த ஏட்டு.
"பார்சல்ல என்ன?"
தாளைப் பிரித்தார், ஏப்ரனை, துணியை.
பெயரை எழுத்துக்கூட்டினார்.
கட்டைவிரலால் முனையை மெல்லத் தொட்டுவிட்டு
வெகுநேரம் பேசவில்லை.

"எங்க வீட்டுது தக்காளியே அறுக்க மாட்டேங்குது.
இத எதுல தீட்டுற?"

தூறல் ஆரம்பித்திருந்தது.
கத்தி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.
"கல்ல மொதல்ல ஊற வைக்கணும் சார்" என்றேன்.
"பத்து நிமிஷமாவது."